சந்திரமதி கேட்காத கேள்வி

விடிய விடிய நாடகம். மேடையிலே மயானம். பாம்பு தீண்டி மாண்ட மகனை ஏந்தி வருகிறாள் சந்திரமதி. சுடலை காப்போன் வழி மறிக்கிறான். காற்பணம் எங்கே, முழத்துண்டு எங்கே என்று கேட்கிறான். அவள் கதறுகிறாள். அவளுடன் சேர்ந்து ஊரே கதறுகிறது. தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றனர். கிழக்கு வெளுக்கிறது, மங்களம் பாடுகின்றனர், மக்கள் கலைகின்றனர்.

அழுதுவிட்டுச் சென்றவர்களிலே ஒருவரேனும் ஒரு கேள்வியை எழுப்பியதுண்டா? லோகிதாசன் காசி நகரத் தெருவிலே விலைப்பொருளானானே, அவனை விற்கும் உரிமையை அரிச்சந்திரனுக்குத் தந்தவர் யார்? கொடுத்த வாக்கு அவனுடையது. பட்ட கடன் அவனுடையது. கடனுக்கு ஈடாகச் சென்ற பிள்ளை அவனுடையவன் மட்டுந்தானா? "என்னை விற்றுக் கடனைத் தீருங்கள்" என்று சந்திரமதியே கூறினாள் என்பர் புராணிகர். கூறட்டும். தன்னை விற்கச் சொல்ல அவளுக்கு வாய் இருந்தது; தன் மகனை விற்காதே என்று சொல்ல மட்டும் வாய் இல்லை. வாய் கொடுக்கக் கதை கட்டியவனுக்கு மனம் இல்லை.

வாய்மையின் பெருமை பேசும் கதை அது என்பர். உண்மையிலே, பிள்ளை தந்தையின் உடைமை என்னும் பழஞ்சட்டத்தை ஊர் ஊராக ஓதிய கதை அது. அந்தச் சட்டம் ஏட்டிலே எழுதப்படுவதற்கு முன்பே மேடையிலே நடிக்கப்பட்டது. மக்கள் மனத்திலே பதிந்தது. ஆகவே, அதனை மாற்ற விரும்புவோர் நீதிமன்றப் படியில் மட்டும் நின்று பயனில்லை; மேடை ஏறவும் வேண்டும். பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை தாய்க்கு உண்டா என்ற வழக்கிலே, மேடை எப்போது அழுதது, எப்போது கேட்டது, கேட்ட இடத்திலே என்ன விளைந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கே விற்ற இடம் காசி. தெற்கே, பதினைந்தாம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் கோயில் எழுப்பிய ஊர் தென்காசி. அதனை அடுத்துச் சாரல் பொழியும் திரிகூட மலை. அருவி பாயும் குற்றாலம். இந்த மண்ணுக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு நேற்றையது அல்ல. குற்றாலத்தருகே மேலகரத்திலே பிறந்த திரிகூட ராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டிலே குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரையை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் அளித்தார். குறவஞ்சி மேடு என்றே அந்த நிலத்துக்குப் பெயர்.

குறவஞ்சியின் தலைவனாகக் கோயிலின் தெய்வத்தை வைத்தார் கவிராயர். அது அக்காலப் புலவரின் வழக்கம். அதனை விட்டுத் தள்ளுவோம். நாம் காண வேண்டியது சிங்கியை. குறி சொல்லித் தன் உழைப்பால் பொருள் ஈட்டுகிறாள் அவள். நாடு நகரமெல்லாம் தனியே சுற்றி வருகிறாள். தேடி அலைந்து வந்த கணவன் சிங்கன், இத்தனை நாள் எங்கே போனாய், காலிலே கிடப்பது என்ன, கையிலே மின்னுவது என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்கிறான். அவள் நடுங்கினாளா? காலில் விழுந்தாளா? ஒவ்வொரு கேள்விக்கும் நின்று நிதானமாக, நகையும் சுவையும் பொங்க விடை தருகிறாள். உழைத்து உண்ணும் பெண்ணுக்கு மேடையிலே வாய் உண்டு என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது குற்றாலம். ஆயினும் சிங்கியின் வாய் குறத்திக்கு மட்டுமே வாய்த்தது. குலமகள் என்று போற்றப்பட்டவளுக்கு வாய்த்தது சந்திரமதியின் கண்ணீர்.

அந்தக் கண்ணீரைக் கலையாக வளர்த்தவை நாடகக் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகளின் காலம் தமிழ் நாடகத்தின் பொற்காலம் என்பர். இசைக்கும் தமிழுக்கும் அது பொற்காலமே. தென்காசியை அடுத்த செங்கோட்டையிலே 1906-இல் பிறந்த கிட்டப்பா, சிறு பிள்ளையாகவே மேடை ஏறித் தம் குரலால் தமிழகத்தை ஆண்டார். 1933-இல், முப்பது வயது நிரம்புமுன்னே மறைந்தார். அவர் போல எத்தனை பிள்ளைகள்! பாய்ஸ் கம்பெனி என்று பெயர். டி. கே. எஸ். சகோதரர்கள் 1918-இல் மதுரையிலே சுவாமிகளின் சபையிலே சேர்ந்தபோது, பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ் பெற்றவருக்கு வயது ஆறு. அச்சிறுவர்களோடு அவர்கள் தந்தையும் உடன் சென்றார். அந்தப் பேறு எல்லாச் சிறுவர்க்கும் கிட்டவில்லை. ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஊர் திரும்ப, பிள்ளைகள் கம்பெனி வீட்டிலே வளர்ந்தனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மீசை அரும்பாத சிறுவன் புடைவை கட்டிச் சந்திரமதியாக நிற்கிறான், "மகனே!" என்று அலறுகிறான். அவனைப் பெற்றவளோ எங்கோ ஒரு சிற்றூரிலே, அவன் முகம் காணாமல் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குத் தலைவர் தந்தை. பிள்ளையை எங்கே அனுப்புவது என்பது அவர் சொல். அதுவே அக்காலத்து அறம். மேடையிலே நடந்த கதைக்கும் மேடைக்குப் பின்னே நடந்த கதைக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

நடித்த கதைகளைத்தான் பார்ப்போமே. பிரகலாதன் கதையிலே தந்தை மகனைக் கொல்ல ஆணையிடுகிறான். தாய் தன் கையாலேயே நஞ்சூட்டப் பணிக்கப்படுகிறாள். சிறுத்தொண்டர் கதையிலே அடியாருக்கு விருந்து வைக்கப் பிள்ளையை அறுக்கிறான் தந்தை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்கிறாள் தாய். லவகுசா கதையிலே காட்டிலே பெற்றுக் காட்டிலே வளர்த்தவள் சீதை. வளர்ந்த பின் மக்கள் சேர்வதோ அரண்மனைக்கு. அவள் சேர்வது மண்ணுக்குள்ளே. வேறுவேறு கதைகள், ஒரே சட்டம். விற்கலாம், வெட்டலாம், வேண்டும்போது அழைத்துக்கொள்ளலாம்; எல்லாம் தந்தைக்கே உரியன. தாய்க்கு உரியது ஒப்பாரி.

தாயே முடிவெடுக்கும் கதை ஒன்று உண்டு. அது நல்லதங்காள் கதை. பஞ்சம் துரத்தப் பிறந்தகம் தேடி வந்தாள்; அண்ணி மூளி அலங்காரி அவமதித்தாள்; ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலே வீசித் தானும் விழுந்தாள். தென்காசிக்கு வடக்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. வாழ வைக்கும் உரிமை இல்லாத தாய்க்குச் சாகடிக்கும் உரிமை மட்டும் தந்தது அந்தக் கதை. செத்த பிறகு பூசையும் தந்தது. கணவன் வீட்டிலும் பிறந்த வீட்டிலும் தனக்கென ஒரு பிடி நிலமில்லாத பெண்ணுக்குப் பிள்ளைகள் மீது உரிமை எப்படி நிலைக்கும் என்று கேட்டிருக்க வேண்டிய கதை, விதியைக் கூறி முடிந்துவிட்டது.

இனி, செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் பார்ப்போம். செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னராட்சியிலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. மலைக்கு அப்பால் வாழ்ந்த பல குடிகளிடம் இருந்தது மருமக்கள்தாயம். அங்கே பிள்ளை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது. தந்தை வருவார், போவார். பிள்ளையின் மீது அவருக்கு உரிமை இல்லை. மலைக்கு இப்பால் தந்தைக்கே பிள்ளை என்பது தெய்வ நியதி எனச் சொல்லப்பட்டது. மலைக்கு அப்பால் தாய் வீட்டுக்கே பிள்ளை என்பதும் தெய்வ நியதியே எனச் சொல்லப்பட்டது. ஒரே வானம், ஒரே மழை, ஒரே மலை. நியதி மட்டும் இரண்டு! மனிதர் வகுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் மருமக்கள்தாயம் தாயின் ஆட்சி என்று எண்ணிவிடக் கூடாது. தறவாட்டின் சொத்தையும் சோற்றையும் அளந்தவர் காரணவர். அதாவது தாயின் அண்ணன் அல்லது மாமன். தந்தையின் கைக்குப் பதில் மாமனின் கை. தாயின் கை அங்கும் வெறுங்கையே. தறவாட்டுக் கூட்டுக்குடும்ப முறையைக் கேரளச் சட்டமன்றம் 1975-இல் இயற்றிய சட்டத்தால் ஒழித்தது.

அந்த மலையாள மண்ணிலேதான் மேடை முதன்முதல் வாய் திறந்தது. நம்பூதிரி இல்லங்களிலே மறைக்குடைக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தர்ஜனங்களின் நிலையை, அந்தச் சமூகத்திலேயே பிறந்த வி. டி. பட்டதிரிப்பாடு நாடகமாக்கினார். 'அடுக்களையில் நின்று அரங்கத்தேக்கு' என்பது அதன் பெயர், 1929-இல் அரங்கேறியது. சாத்திரம் வல்ல பெரியவர்கள் சீறினர், இளைஞர்கள் கைதட்டினர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1948-இல், அந்தர்ஜனங்களே எழுதித் தாங்களே நடித்த 'தொழில் கேந்திரத்திலேக்கு' என்ற நாடகம் வந்தது. அடுக்களையிலிருந்து அரங்குக்கு அழைத்தவர் ஆடவர். அரங்கிலிருந்து தொழிற்கூடத்துக்கு நடந்தவர் பெண்கள். பிறர் எழுதித் தந்த கண்ணீரை நடிப்பது வேறு. தம் கேள்வியைத் தாமே எழுதுவது வேறு. இந்த வேறுபாட்டை நினைவிலே வைத்துக்கொள்வோம்.

அதே 1929-ஆம் ஆண்டு, பிப்ரவரி 17, 18 நாள்களில், செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் எனத் தீர்மானம் செய்தது. சொத்திலே சமம் என்ற விதை அங்கே ஊன்றப்பட்டது. பிள்ளையிலே சமம் என்பதற்கு இந்நாடு இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. ஏன்? நம்மை ஆண்ட வெள்ளையரின் சட்டமும் அந்த விஷயத்திலே மனுவுக்குத் தம்பியாகவே இருந்தது.

இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். புகழ்பெற்ற நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி கரோலின் நார்ட்டன். 1836-இல் கணவன் அவருடைய மூன்று ஆண் மக்களையும் கொண்டுபோய்விட்டான். நீதிமன்றம் என்ன சொன்னது? பிள்ளைகள் தந்தைக்குரியவர்கள், தாய்க்குப் பார்க்கும் உரிமைகூட இல்லை என்றது. நார்ட்டன் அம்மையார் எழுதுகோலை எடுத்தார். துண்டு வெளியீடுகள் வெளியிட்டார். பாராளுமன்ற உறுப்பினர்களை அசைத்தார். 1839-இல் சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் விண்ணப்பிக்கலாம் என்றது அது. அவருடைய இளைய மகன் 1842-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். சட்டம் வென்றவருக்கே அதன் பயன் முழுதும் கிட்டவில்லை.

சென்னைக்கு நன்கு அறிமுகமான மற்றொரு பெயர் அன்னி பெசன்ட். பிற்காலத்திலே தியாசபி என்ற மாயத்திலே மூழ்கிய அம்மையார், இளமையிலே நாத்திகர். கருத்தடை பற்றிய நூலை பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டமைக்காக 1877-இல் வழக்கைச் சந்தித்தவர். மறு ஆண்டு, 1878-இல், அவருடைய மகள் மேபிளை அவரிடமிருந்து நீதிமன்றம் பிரித்தது. அவர் செய்த குற்றம் என்ன? கடவுளை மறுத்தார், அந்த நூலை வெளியிட்டார். பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் மனத்திலே பொறிக்க வேண்டிய வழக்கு இது! தாயின் அன்பைச் சட்டம் அளக்கவில்லை. அவள் பக்தியை அளந்தது. அதே அம்மையார் சென்னையிலே ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் வளர்க்க முற்பட்டபோது, சிறுவர்களின் தந்தை வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1913-இல் தந்தை பக்கம் தீர்ப்பளித்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1914-இல் அதனை மாற்றியது. அங்கும், தந்தையே இயற்கைக் காப்பாளர் என்ற கொள்கை இந்துச் சட்டத்துக்கும் ஆங்கிலச் சட்டத்துக்கும் பொது என்றே கூறப்பட்டது. மனுவும் மகாராணியும் கை குலுக்கிய இடம் அது.

இங்கிலாந்திலே இந்த அநீதியை மேடை எப்படிக் கையாண்டது? இரு வழிகள் இருந்தன. ஒன்று கண்ணீர் வழி. 1861-இல் எலன் உட் எழுதிய 'ஈஸ்ட் லின்' என்ற புதினம் பல நாடகங்களாக மேடை ஏறியது. கணவனைப் பிரிந்த தாய், தன் பிள்ளைகளுக்கே பணிப்பெண்ணாக மாறுவேடத்தில் திரும்புகிறாள். "நான்தான் உன் தாய்" என்று சொல்ல இயலாமல் மகன் இறப்பதைக் காண்கிறாள். கொட்டகைகள் கண்ணீரிலே மிதந்தன. நம் 'தாய் உள்ளம்' என்ற 1952-ஆம் ஆண்டுத் திரைப்படமும் அக்கதையைத் தழுவியதே. தவறியவள் தண்டனை பெற்றாள் என்பதே அதன் நீதி. தாய் அழுதாள்; சட்டம் அசையவில்லை.

மற்றொன்று கேள்வி வழி. ஏழைகள் விடுதியின் நிர்வாகத்திலே பொறுப்பேற்றிருந்த மார்கரெட் வின் நெவின்சன் அம்மையார், தாம் கண்டதை ஓரங்க நாடகமாக எழுதினார். 'இன் தி வொர்க்ஹவுஸ்' என்பது அதன் பெயர். 1911 மே மாதம் இலண்டன் கிங்ஸ்வே அரங்கிலே, எடித் கிரெய்க் நடத்திய பயனியர் பிளேயர்ஸ் குழுவினர் நடித்தனர். காட்சி மிக எளியது. ஏழைகள் விடுதியிலே பெண்கள் கூடிப் பேசுகின்றனர். முறைப்படி மணந்த மனைவி, வெளியே வேலை கிடைத்தும் கணவன் அனுமதியின்றி வெளியேற முடியாது; பிள்ளைகளும் அவன் சொற்படியே. தாலி என்ற ஒன்றையே அறியாத மற்றொருத்தியோ, பிள்ளைகள் முழுதும் தன்னவர்கள் என்கிறாள். சட்டமே அப்படிச் சொல்கிறது என்று விளக்குகிறாள். ஒழுக்கம் பேசிய பத்திரிகைகள் துடித்தன. அவர்களைத் துடிக்க வைத்தது அந்தப் பெண்ணின் நாவா, அவள் எடுத்துக் காட்டிய சட்டமா? அடுத்த இரண்டு ஆண்டுகளிலே, மனைவியை விடுதியில் கணவன் தடுத்து வைக்கும் விதி மாற்றப்பட்டது. பிள்ளை பற்றிய சட்டம் 1925-இல் பாதி வழி வந்தது. காப்பாளர் உரிமையிலே தந்தைக்கு நிகராகத் தாய் 1973-இல்தான் அமர்ந்தாள்.

மணந்தவளுக்கு இல்லாத உரிமை மணவாதவளுக்கு உண்டு! இந்த முரண்பாட்டை நெவின்சன் அம்மையார் 1911-இல் மேடையிலே உடைத்துக் காட்டினார். நம் நாட்டிலே 1956-இல் அதனைப் புதுச் சட்டமாக எழுதி வைத்தனர்.

இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் வழக்கமாகத் தாயிடம் இருக்கும். மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்த பிள்ளையாயின், முதலிலே தாய். அவளுக்குப் பின்னரே தந்தை. பால் கொடுக்க, பல் விளக்க, படுக்கையை உலர்த்தத் தாய் வேண்டும். பள்ளியிலே சேர்க்க, பத்திரத்திலே கையொப்பமிடத் தந்தை வேண்டும். பிள்ளையை வைத்திருப்பது வேறு, பிள்ளைக்காக முடிவெடுப்பது வேறு என்று பிரித்து, உழைப்பை ஒருத்திக்கும் உரிமையை ஒருவனுக்கும் பங்கிட்டது அச்சட்டம். ஹனபி முறை இசுலாமியச் சட்டத்திலும் மகனை ஏழு வயது வரையிலும் மகளைப் பருவம் எய்தும் வரையிலும் தாய் வைத்திருக்கலாம், காப்பாளர் தந்தையே. மதங்கள் தமக்குள் ஆயிரம் பூசலிடும். இதிலே மட்டும் ஒற்றுமை!

இங்கே நம் இயக்கத் தோழர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், புரோகிதர் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அத்தகைய மணங்களிலே பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணிலே முறை தவறிப் பிறந்தவர்கள் ஆயினர். அந்தக் கொடுமையைத் துடைத்தது அண்ணா ஆட்சியின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம். 1968 சனவரியில் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்று அறிவித்தது. மகத்தான வெற்றி, ஐயமில்லை. ஆனால் ஆறாவது பிரிவை அதன் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். மணம் செல்லாது என்றிருந்தவரை, ஏட்டின்படி பிள்ளையின் முதற் காப்பாளர் தாய். மணம் செல்லும் என்ற நாள் முதல், முதற் காப்பாளர் தந்தை. இழிவு நீங்கிற்று, இடமும் நீங்கிற்று. குற்றம் சுயமரியாதைத் திருமணத்தின் மீதல்ல. மணந்த தாயை இரண்டாம் இடத்திலே நிறுத்தும் பிரிவின் மீது. புரோகிதரை மணமேடையிலிருந்து இறக்கினோம். அவர் எழுதிய பழைய விதி சட்டப் புத்தகத்திலே அமர்ந்திருப்பதைக் காணத் தவறலாமா?

நம் மேடை இதைக் கேட்டதா? நேர்மையோடு கணக்குப் பார்ப்போம். 1934-இல் பாரதிதாசனின் இரணியன் நாடகம் புராணத்தையே தலைகீழாகத் திருப்பியது. அண்ணாவின் வேலைக்காரியும் ஓர் இரவும் பணக்காரரின் பண்பையும் சாதியின் சதியையும் கூண்டிலேற்றின. எம். ஆர். ராதாவின் ரத்தக் கண்ணீர் ஆடவரின் ஆணவத்தை நகையால் கிழித்தது. பாவலர் பாலசுந்தரத்தின் 'பராசக்தி' நாடகம், கலைஞரின் உரையாடலுடன் 1952-இல் திரைக்கு வந்தபோது, தாய் கல்யாணி நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டாள். பசியால் குழந்தையை ஆற்றிலே எறிந்தவள் என்பது வழக்கு. தாயை நல்லதங்காள் ஆக்கிய சமூகம் எது என்று திருப்பிக் கேட்டது அக்காட்சி. பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா 1954-இல் திரையிலே தோன்றியபோது, தந்தையாகிய மன்னனின் ஆணையைவிடத் தாயின் சொல் பெரிது என்று மகன் நின்றான். மேடைக்கு அஞ்சித்தான் வெள்ளையர் 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தனர். அதே அச்சத்தால்தான் சென்னை மாகாணம் 1954-இல் தனிச் சட்டம் இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது 2013-இல்.

இத்தனை இருந்தும் ஒரு குறை உண்டு. கல்யாணி நீதிமன்றம் வந்தாள், குற்றம் சாட்டப்பட்டவளாக. மனோகரனின் தாய் ஆணையிட்டாள், மகன் அன்பால் கட்டுண்டதால். வழக்குத் தொடுப்பவளாக, "என் பிள்ளை மீது எனக்குள்ள உரிமையை எழுதித் தா" என்று கேட்பவளாகத் தாய் நம் மேடையிலே நின்றது அரிது. தாய்மையைத் தெய்வமாக்கினோம், தெய்வத்துக்கு உரிமைப் பத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கேள்வியை மேடை கேட்காதபோது, எழுத்தாளர் ஒருவர் நீதிமன்றத்திலே கேட்டார். புதின ஆசிரியர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தந்தையின் கையொப்பம் வேண்டும் என்றது வங்கி. வளர்ப்பு தாயினுடையது, கையொப்பம் மட்டும் தந்தையினுடையதாக வேண்டும்! வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. செங்கற்பட்டு மாநாடு கூடிய அதே நாள், எழுபது ஆண்டுகள் கழித்து! 'தந்தைக்குப் பின்' என்ற சொல்லுக்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை. தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்றது நீதிமன்றம். தாய்க்குக் கதவு திறந்தது. ஆயினும் 'பின்' என்ற சொல்லை நீதிமன்றம் அழிக்கவில்லை. அதற்குப் புதுப்பொருள் கூறியதோடு நின்றது.

பின்னும் சில படிகள் ஏறினோம். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்திலே, தந்தை இருக்கும்போது வேறு காப்பாளர் கூடாது என்றிருந்த இடத்தில் தாயின் பெயரும் 2010-இல் சேர்ந்தது. மணமாகாத தாய், பிள்ளையின் தந்தை யார் எனச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறியது. தந்தையை இழந்த பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022-இல் கூறியது. தந்தையும் தாயும் சமமான காப்பாளர்கள் எனச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 1989-இலும் 2015-இலும் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே உறங்குகிறது. 1956-இன் சொற்கள் அப்படியே நிற்கின்றன.

ஆகவே மேடைக்கு வேலை இருக்கிறது. தென்காசிச் சீமையைப் பாருங்கள். 2019-இல் தனி மாவட்டம் ஆயிற்று. சிற்றூர்தோறும் திண்ணையிலும் முற்றத்திலும் முறத்தை மடியிலே வைத்து பீடி சுற்றும் பெண்கள் பல்லாயிரவர். இலை வெட்டும் கையே சோறு ஊட்டும் கை. தூள் படிந்த விரலே பிள்ளையின் எழுத்தைத் திருத்தும் விரல். கணவன் பிரிந்து போனான், அல்லது குடித்து அழிந்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது, "பிள்ளை என் குலம், என் வாரிசு" என்று அவன் வீட்டார் வந்து நின்றால் அந்தத் தாய் அஞ்சுகிறாள். 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவள் காதுக்கு எட்டவில்லை. ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை தானாகவே தந்தையிடம் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பிவிடுகிறாள். அது பொய். எந்த வயதிலும் நீதிமன்றம் முதலாவதாகப் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலனே என்று அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு கூறுகிறது. இதனை அவளிடம் யார் சொல்வது? சட்டப் புத்தகம் அவள் திண்ணைக்கு வராது. நாடகம் வரும்.

வந்ததும் உண்டு. 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் அன்றைய நெல்லை மாவட்டத்து ஊர்களிலே வீதி நாடகங்களால் எழுத்தறிவைப் பரப்பியது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் சிலேட்டை எடுத்தனர். அதே காலத்தில் அ. மங்கை இயக்கிய 'பச்ச மண்ணு' நாடகம், பெண் சிசுக்கொலையின் கொடுமையை ஊர் மக்கள் நடுவிலே வைத்துப் பேசியது. திரை வேண்டாம், சீன் வேண்டாம். பறையொலியும் நாலு பேரும் ஒரு முச்சந்தியும் போதும்.

என்ன நாடகம் போடுவது? சீன நாட்டிலே பழைய நாடகம் ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்கு இரு தாய்மார் உரிமை கொண்டாடுகின்றனர். சுண்ணாம்பால் வட்டம் வரைந்து, நடுவிலே குழந்தையை நிறுத்தி, இருபுறமும் இழுக்கச் சொல்கிறான் நடுவன். குழந்தைக்கு நோகும் என்று கையை விட்டவளே தாய் எனத் தீர்க்கிறான். ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்ட் 1944-இல் அதனைப் புதுக்கினார். அவர் நாடகத்திலே கையை விட்டவள் பெற்றவள் அல்லள், வளர்த்த வேலைக்காரி. குழந்தை அவளுக்கே என்று தீர்ப்பு. குருதி உரிமை தராது. பேணிய உழைப்பே உரிமை தரும் என்பது அதன் கருத்து. தந்தையின் உடைமையாக இருந்த பிள்ளையைத் தாயின் உடைமையாக மாற்றுவது நம் நோக்கம் அன்று. பிள்ளை எவர் உடைமையும் அன்று. பேணுபவர் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். பெற்ற இருவரும் சமமாக நிற்க வேண்டும். பிள்ளையின் நலன் இருவருக்கும் மேலே நிற்க வேண்டும். அவ்வளவே.

இளைஞர்களே! குற்றாலத்திலே சாரல் காலம் வரும். நாடெங்கிலுமிருந்து மக்கள் திரளாகக் கூடுவர். அருவிக்கரைக்குப் போகும் வழியிலே ஒரு வட்டம் வரையுங்கள். பழைய அரிச்சந்திரனையே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஏலம் கூறட்டும். அந்த இடத்திலே சந்திரமதி அழ வேண்டாம். சிங்கியின் நாவை அவளுக்குக் கொடுங்கள். "நில்லுங்கள்! கடன் பட்டவர் நீங்கள். என் மகனை விற்க உங்களுக்கு உரிமை தந்தவர் யார்?" என்று அவள் கேட்கட்டும். கூட்டத்திலே நிற்கும் பீடித் தொழிலாளப் பெண் ஒருத்தி தலை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்கு எடுத்துச் செல்வாள். பிறகு நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்வாள்.